மாதச் சாமான் எங்கே, எப்படி வாங்குகிறீர்கள்?

வடலி (கோண்டாவில்)
9 ஒக்டோபர் 2022, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு பேருக்கும் அரச சம்பளம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு, மாமியும் எங்களோடு. ஜனவரியில் கூட்டித் தந்த 5,000 ரூபாவை விட்டால் சம்பளம் அசையவில்லை. செப்டெம்பர் மாதப் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 69.8 வீதம், உணவு மட்டும் எடுத்தால் 94.9 வீதம் என்று அறிவித்திருக்கிறார்கள். போன வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு இப்போது 195 ரூபா கொடுக்க வேண்டும். சம்பளம் வந்து இரண்டாம் கிழமையிலேயே கை வறண்டு விடுகிறது.

கேட்க வந்தது இதுதான். மாதச் சாமானை ஒரேயடியாக வாங்குகிறீர்களா, கிழமைக்குக் கிழமை வாங்குகிறீர்களா? மொத்தக்கடையா, சங்கக்கடையா (கூட்டுறவுக் கடை), சுப்பர்மார்க்கெற்றா? காஸ் 12.5 கிலோ சிலிண்டர் இந்த மாதம் 4,280 ஆகக் குறைந்திருக்கிறது, ஆனால் அது கொழும்பு விலை, இங்கே ஏற்றுக்கூலியும் சேரும். நாங்கள் புட்டுக்கும் சோற்றுக்கும் விறகு, தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும் காஸ் என்று பிரித்து வைத்திருக்கிறோம். தீபாவளி 24ஆம் திகதி. பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்காமல் விட மனம் வரவில்லை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

---

சைக்கிள்காரன் (சுன்னாகம்)
9 ஒக்டோபர், இரவு 9.15

அக்கா, எங்கே மலிவு என்று பார்க்க முதல் அங்கே போய்வரும் செலவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் பங்கீட்டுக் கியூஆரில் கிழமைக்கு 4 லீற்றர்தான். 92 ஒக்ரேன் பெற்றோல் இப்போது லீற்றர் 410. ஒரு கிலோ சீனியில் 15 ரூபா மிச்சம் பிடிக்க யாழ்ப்பாணம் ரவுணுக்கு ஓடினால் மிச்சம் எல்லாம் பெற்றோலாகப் போய்விடும். நான் சந்தைக்குச் சைக்கிளில் போகிறேன். மரக்கறி வாங்கப் பின்னேரம்தான் சரி, வெளியூர் வியாபாரிகள் ஏற்றிக்கொண்டு போன பிறகு மிஞ்சினதைக் கொண்டுவந்தவர்கள் திரும்பக் கொண்டுபோக விரும்ப மாட்டார்கள். கத்தரி, பூசணி, பயித்தை எல்லாம் இறங்கும். கீரைக்கு மட்டும் காலையில் போங்கள்.

---

நாலாம் குறுக்கு (கொழும்பு 13)
10 ஒக்டோபர், காலை 6.30

நான் புறக்கோட்டையில் கணக்கு எழுதுகிறேன். 4ஆம் குறுக்குத் தெருவில் பருப்பு, சீனி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூடையாக இறங்கும். அங்குள்ள விலைக்கும் வெள்ளவத்தையில் கிலோவாகப் போடும் விலைக்கும் நடுவில் நல்ல இடைவெளி உண்டு. எங்கள் அடுக்குமாடியில் சில வீடுகள் சேர்ந்து 25 கிலோப் பருப்பு மூடை ஒன்றை எடுத்துப் பிரிக்கிறோம். தனியாக ஒரு வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, வண்டும் வைத்துவிடும்.

இன்னொன்று. டொலர் மார்ச் ஆரம்பத்தில் 200 அளவில் இருந்தது, இப்போது 360க்கு மேலே நிற்கிறது. இறக்குமதிச் சாமானின் புது விலை கப்பலோடு வரும். உள்ளூர்ச் சாமான் விலை லொறியோடு, அதாவது டீசலோடு வரும். டீசல் குறைந்த கிழமையில் மரக்கறியும் தேங்காயும் கொஞ்சம் இறங்கும், பருப்பு இறங்காது. அதனால் பருப்பு, சீனியைச் சேர்த்து வாங்குங்கள். மரக்கறியைச் சேர்த்து வாங்காதீர்கள்.

---

பொரிவிளாங்காய் (ஆனைக்கோட்டை)
10 ஒக்டோபர், காலை 10.05

நான் கடையை மாற்றவில்லை, சட்டியை மாற்றினேன். பாண் கிழமையில் ஒரு நாள்தான். மற்ற நாள் அரிசிமாவும் குரக்கன் மாவும் கலந்த புட்டு, அல்லது மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். பால்மா 400 கிராம் பைக்கற் மார்ச்சில் 790 ஆன அன்றே நிறுத்திவிட்டேன். ஒழுங்கையில் மாடு வைத்திருப்பவரிடம் அரைப் போத்தல் பால் எடுக்கிறேன், அது சின்னவளுக்கு மட்டும். பெரியவர்களுக்குப் பிளேன்ரீயும் பனங்கட்டியும். முருங்கை இலையும் வல்லாரையும் வளவிலேயே இருக்கிறது. மீனென்றால் சூடை, நெத்தலி. பாரையும் சீலாவும் எங்களுக்கு எட்டாது. மண்ணெண்ணெய் 87இல் இருந்து 340க்குப் போன பிறகு போட் கடலுக்குப் போவதே குறைவு.

பிள்ளைகளின் முட்டையையும் பாலையும் மட்டும் குறைக்காதீர்கள் தங்கச்சி. மற்ற எதைக் குறைத்தாலும் பிறகு பிடிக்கலாம், வளரும் வயது திரும்பி வராது.

---

மலைக்காற்று (ஹற்றன்)
10 ஒக்டோபர், இரவு 9.50

எல்லாருடைய பதிவையும் வாசித்தேன். நல்ல யோசனைகள்தான், ஆனால் எல்லாமே கையில் காசு இருக்கிறவர்களுக்கானது. கோபத்தில் சொல்லவில்லை, எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. வேலை நாள் குறைந்தால் அதுவும் குறையும். 10ஆம் திகதி சம்பளம் வரும்போது ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம், சங்கச் சந்தா, முன்னே எடுத்த அட்வான்ஸ் எல்லாம் கழித்துத்தான் கைக்கு வரும். அதை அப்படியே டவுன் கடைக்காரரிடம் கொடுத்தால் போன மாதக் கடன் கொப்பி முடியும். அடுத்த நாளே புதுக் கொப்பி தொடங்கும். கொப்பியில் பெயர் இருக்கிற வரைக்கும் அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாது. பக்கத்துக் கடையில் கோதுமை மா 20 ரூபா குறைவு என்று தெரிந்தாலும் அங்கே கடன் தரமாட்டார்கள். விலை கேட்கிற உரிமைகூட எங்களுக்கு இல்லை, போட்ட விலைதான்.

கடைசியில் என்ன ஆகிறது? பருப்பு 100 கிராம் 50 ரூபா. எண்ணெய் சின்னப் பையில் கட்டினது. சவர்க்காரத்தை வெட்டிப் பாதி. சம்போ பைக்கற். தேயிலை விளையும் மலையில் இருந்துகொண்டு தேயிலையும் 50 கிராம் பைக்கற். ஒரு கிலோவாகக் கணக்குப் பார்த்தால் இலங்கையிலேயே கூடின விலைக்குப் பருப்பு வாங்குகிறவர்கள் நாங்கள்தான். மலிவு விலைக்கு நுழைவுச்சீட்டு மாதிரி ஒரு தொகை கையில் வேண்டும். அது எங்களிடம் இல்லை.

இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மரவள்ளி நட்டுத் தின்னச் சொல்லாதீர்கள், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் அதற்கு மண் இல்லை.

---

வடலி
11 ஒக்டோபர், மாலை 4.20

மலைக்காற்று, நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என்னுடைய கேள்வியில் இல்லாத பெரிய கேள்வி இது. எங்கள் ஒழுங்கையிலும் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் 100 கிராமாகத்தான் வாங்குகிறார்கள். யாராவது அனுபவத்தில் வழி கண்டிருந்தால் எழுதுங்கள், என் கேள்வி பிறகு இருக்கட்டும்.

---

கூப்பன்காலம் (சாவகச்சேரி)
11 ஒக்டோபர், இரவு 7.30

எனக்கு எழுபது தாண்டிவிட்டது, பேரன் தட்டச்சு செய்கிறான். சிறிமா அம்மையாரின் 1970–77 ஆட்சியில் கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடையில் நின்றவன் நான். பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, துணிக்கும் வரிசை. ஒரு மாவட்டத்து நெல்லை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் இங்கே தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டினார்கள். ஒரே தட்டுப்பாடு ஒரு வீட்டில் அடுப்பை அணைத்தது, இன்னொரு வீட்டுக்கு ஓடு போட்டது.

அப்புறம் 1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடை. சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கு எரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். இதை எல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தக் காலம் திரும்ப வரக் கூடாது.

சொல்ல வந்தது வேறு. அப்போது எங்கள் ஒழுங்கையில் சாமான் சீட்டு ஒன்று ஓடியது. சாதாரணச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் ஒருவர் காசை எடுப்பார். இதில் காசு யார் கைக்கும் போகாது. எல்லோருடைய காசும் ஒரே மூடையாக மாறும், மூடை அன்றைக்கே வீடுகளுக்குப் பிரியும். பிரித்த பிறகு யாரும் யாருக்கும் கடன் இல்லை. அதனால்தான் அது சண்டை வராமல் ஓடியது. பொறுப்புக்கு ஒரு அம்மா இருந்தா, பிள்ளைகள் எல்லாம் அவவைத் தராசு ஆச்சி என்போம். சங்கக்கடை என்பதே பெரிய அளவில் இதுதான், 1940களில் போர்க்காலப் பங்கீட்டோடு ஊருக்கு ஊர் பரவியது. இப்போது சில சங்கங்கள் நன்றாக நடக்கின்றன, சில பெயரளவில் நிற்கின்றன. நடக்கிற இடத்தில் அங்கத்தவராகுங்கள்.

தம்பி மலைக்காற்று, உங்கள் லயத்தில் எத்தனை வீடு? எல்லோரும் சேர வேண்டியதில்லை, ஏழெட்டு வீடு போதும்.

---

கடை முதலாளி (நெல்லியடி)
12 ஒக்டோபர், இரவு 10.10

பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இந்த இழையில் கடைக்காரர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

போன வருடம் வரை கம்பனி ஏஜெண்டுமார் சாமானை இறக்கிவிட்டு இரண்டு கிழமை கழித்துக் காசு வாங்குவார்கள். இப்போது லொறியில் இருந்து பெட்டி இறங்க முதல் காசு. வங்கியில் கடன் எடுக்கலாம் என்றால் மத்திய வங்கி ஏப்ரலில் ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி வட்டியைக் கூட்டியது, ஜூலையில் இன்னும் ஒன்று. வற் (பெறுமதி சேர் வரி) 8 வீதம் இருந்தது, ஜூனில் 12, செப்டெம்பரில் 15. இந்த மாதம் முதலாம் திகதியில் இருந்து சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம் வேறு. நான் இன்றைக்கு 100 ரூபாவுக்கு விற்ற சாமானைத் திரும்ப நிரப்ப 110 வேண்டும் என்ற நிலைமையில்தான் மே, ஜூன் முழுக்க ஓடியது. முட்டைக்கு ஓகஸ்டில் 43, 45 என்று கட்டுப்பாட்டு விலை போட்டார்கள். கோழித்தீன் விலை அதற்குள் அடங்காது. முட்டை கடைகளில் இருந்தே காணாமல் போனது.

100 கிராமாகக் கட்டும்போது பை விலை, கட்டுகிற பெடியனின் சம்பளம், சிந்துவது எல்லாம் சேர்கிறது. கொப்பிக்காரர்களில் சிலர் கட்டாமல் போவதையும் கட்டுகிறவர்கள் தலையில்தான் போடுகிறோம். அது சரியில்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் பெரும்பாலான கடைகளில் அதுதான் நடைமுறை.

அதனால் மலைக்காற்றுக்கு நான் சொல்வது, டவுனில் வேறு மொத்தக்கடை தேடி அலைய முதல் உங்கள் கொப்பிக் கடைக்காரரிடமே போங்கள். எட்டு வீட்டுக் காசை ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டு, 10 கிலோப் பருப்பு வேண்டும், சின்னப் பையில் கட்ட வேண்டாம், கைக்காசு, என்ன விலை போடுவீர்கள் என்று கேளுங்கள். எனக்கு ஒருவர் அப்படி வந்து நின்றால் மூடை விலைக்கு மேல் கிலோவுக்கு 5 ரூபா வைத்துக் கொடுத்துவிடுவேன். இன்றைக்கு வரும் கைக்காசு எனக்கு நாளைய லொறிக்கு உதவும். கொப்பிக் கடன் அப்படியே இருக்கட்டும், இதையும் அதையும் கலக்க வேண்டாம்.

---

சைக்கிள்காரன்
12 ஒக்டோபர், இரவு 10.45

முதலாளி அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஆனால் சில கடைகளில் விலைச் சீட்டின் மேல் கூடின விலைச் சீட்டு ஒட்டுகிறார்கள், அதை ஏற்க முடியாது. பைக்கற்றில் கம்பனி அடித்த உச்ச சில்லறை விலை இருக்கும்போது அதற்கு மேல் விற்பது நுகர்வோர் சட்டப்படி குற்றம். பழைய சரக்கு பழைய விலையில்தான் போக வேண்டும். ஜூன் மாதம் ஒரு சவர்க்காரத்தில் மேல் சீட்டை உரித்தால் கீழே கிட்டத்தட்டப் பாதி விலை இருந்தது. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அடிக்கலாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் முறைப்பாடு நிற்காது.

---

கடை முதலாளி
12 ஒக்டோபர், இரவு 11.00

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. அச்சடித்த விலைக்கு மேல் போகக் கூடாது. நட்டம் என்றால் அந்தச் சாமானை எடுக்காமல் விடலாம், சீட்டு ஒட்டக் கூடாது.

---

செம்மண் (புன்னாலைக்கட்டுவன்)
13 ஒக்டோபர், இரவு 8.15

நான் மரக்கறித் தோட்டம் செய்கிறவன். சந்தையில் கத்தரிக்காய் விலையைப் பார்த்துத் தோட்டக்காரன் கொழிக்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் உரம் வரவில்லை. வந்தது தனியாரிடம் 50 கிலோ யூரியா 40,000 வரை போனது. எங்கள் இறைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. 87க்கு வாங்கி இறைத்த கிணற்றை இப்போது 340க்கு இறைக்கிறேன். முன்பு கிழமைக்கு இரண்டு இறைப்பு கொடுத்த கன்றுக்கு இப்போது ஒன்றுதான், காயும் அதற்கேற்பச் சிறுக்கும். இவ்வளவுக்கும் பிறகு சந்தைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் 100 கிலோவுக்கு 10 கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டுத்தான் காசு. வருடக்கணக்காகப் பேசியும் இது ஒழியவில்லை. அந்த 10 கிலோவும் குப்பைக்குப் போவதில்லை, யாரோ விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

சேர்ந்து வாங்கும் வீடுகள் இருந்தால் தோட்டத்துக்கே வாருங்கள். நாலைந்து வீட்டுக்கான மரக்கறியை ஒரே நாளில் எடுப்பதாக இருந்தால், சந்தையில் எனக்குக் கிடைக்கும் விலைக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் நடுவில் ஒரு விலை போடலாம். இரண்டு பேருக்கும் நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன், சொன்ன நாளில் வாருங்கள். பிடுங்கி வைத்த பிறகு வராவிட்டால் அது எனக்கு முழு நட்டம்.

---

வடலி
13 ஒக்டோபர், இரவு 9.00

செம்மண் அண்ணை, தனிமடலில் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை சைக்கிளில் மூன்று பேர் வருவோம், ஆறு வீட்டுக்கு.

---

ஸ்காபரோ வாசி (ரொறன்ரோ)
14 ஒக்டோபர், காலை 5.20

இங்கேயும் கடைச் சாப்பாட்டுச் சாமான் ஓகஸ்டில் 10.8 வீதம் கூடியிருக்கிறது. 1981க்குப் பிறகு இவ்வளவு கூடியதில்லையாம். உங்கள் 94.9 வீதத்துக்கு முன்னால் இதைச் சொல்ல மனம் கூசுகிறது. இங்கே சில கடைகளில் பக்கத்துக் கடையின் மலிவு விளம்பரத்தைத் தொலைபேசியில் காட்டினால் அதே விலைக்குத் தருவார்கள். அலைச்சல் மிச்சம். அங்கே அப்படி ஒன்று இருந்தால் மலைக்காற்றுக்கு எவ்வளவு உதவும் என்று நினைத்தேன்.

ஒரு கேள்வி. நாங்கள் பிள்ளைகளுக்குப் பால்மா, சவர்க்காரம், சொக்லற் என்று கப்பலில் பெட்டி அனுப்புகிறோம். பெட்டிச் செலவோடு சேர்த்துப் பார்த்தால் அது பிரயோசனமா? அல்லது அந்தக் காசை வங்கியால் அனுப்பினால் நல்லதா?

---

நாலாம் குறுக்கு
14 ஒக்டோபர், காலை 6.45

காசாக அனுப்புங்கள். 100 கனடா டொலர் இப்போது 26,000 ரூபாவுக்குக் கிட்ட வரும். ஏப்ரல், மேயில் பால்மாவையே காண முடியாமல் இருந்தபோது பெட்டிக்கு அர்த்தம் இருந்தது. இப்போது கடையில் சாமான் இருக்கிறது, வாங்கக் காசுதான் இல்லை. முடிந்தால் வங்கியாலேயே அனுப்புங்கள், உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் அனுப்புவது) வேண்டாம். காஸ் கப்பலும் மருந்தும் இறக்க நாட்டிடம் டொலர் இல்லாமல் போனதைத்தான் எல்லோரும் வரிசையில் நின்று அனுபவித்தோம். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கமே சொன்ன பிறகு, வங்கிக்குள் வரும் ஒவ்வொரு டொலரும் கணக்குத்தான்.

---

மலைக்காற்று
16 ஒக்டோபர், இரவு 8.30

ஐயா கூப்பன்காலத்துக்கும் நெல்லியடி முதலாளிக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் லயத்தில் எட்டு வீடு சேர்ந்தது. சம்பளக் காசில் வீட்டுக்கு 500 ஒதுக்கச் சொன்னோம். இரண்டு வீட்டில் முடியவில்லை. ஒரு அக்காவுக்கு அவருடைய தம்பி கொடுத்தார். இன்னொரு வீட்டுக்கு நாங்கள் மூன்று பேர் பிரித்துப் போட்டோம், கடனாக இல்லை. மொத்தம் 4,000.

கொப்பிக் கடைக்காரரிடமே போனோம். முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார். வேறு கடைக்குப் போகிற யோசனையோ என்று கேட்டார். இல்லை, கொப்பி அப்படியே இருக்கட்டும், இது கைக்காசு என்று எடுத்து வைத்தோம். 385க்குத் தந்தார், 10 கிலோ 3,850. மிச்சம் 150 இரண்டு பேர் பஸ்ஸுக்குப் போனது. ஒரு வீட்டுக்கு ஒன்றேகால் கிலோ கிடைத்தது. 100 கிராம் பைகளாக வாங்கியிருந்தால் அதே ஒன்றேகால் கிலோவுக்கு 625 ரூபா. வீட்டுக்கு 125 ரூபா மிச்சம். உங்களில் சிலருக்கு அது சின்னக் கணக்காக இருக்கலாம். இங்கே அது பிள்ளையின் இரண்டு மூன்று நாள் பஸ் காசு.

காசை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்தக் கடையில் விலை என்ன என்று நாங்கள் கேட்டு, அவர் யோசித்து, ஒரு விலை சொன்னார். அது நடந்து எத்தனையோ காலம்.

25ஆம் திகதி அட்வான்ஸ் வரும். அப்போது கோதுமை மா. ரொட்டிதான் எங்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு.

---

கூப்பன்காலம்
16 ஒக்டோபர், இரவு 9.10

சந்தோஷம் தம்பி. முடியாத வீட்டைச் சேர்த்துக்கொண்டீர்களே, அதை விடாதீர்கள். அடுத்த முறைக்குச் சில விஷயம் சொல்கிறேன். பிரிக்கும்போது எட்டு வீட்டுக்காரரும் நிற்க வேண்டும், பிறகு பேச்சு வராது. மூடையாக எடுத்தால் தூசியும் சாக்குப் பாரமும் போகும், 50 கிலோவில் அரைக் கிலோவாவது குறையும், அதை முதலே கழித்துப் பங்கு போடுங்கள். வெறும் சாக்கை முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கொடுங்கள், அதற்கும் சண்டை வரும். காசு வைத்திருப்பவரும் தராசு பிடிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம்.

---

கெய்சர் வீதி (கொழும்பு 11)
17 ஒக்டோபர், மதியம் 1.30

வடலி அக்காவின் தீபாவளிக் கேள்வியை யாரும் தொடவில்லையே. துணிக்கடையில் வேலை செய்கிறேன். 50 வீத விலைக் கழிவு என்று பெரிதாகப் போட்டிருந்தால் முதலில் அதே துணியின் விலையைக் கழிவு இல்லாத கடையில் கேளுங்கள். பண்டிகைக்கு முதல் விலையைக் கூட்டி எழுதிப் பிறகு வெட்டுவது பல இடங்களில் நடக்கிறது.

உண்மையான மலிவு மூன்று இடத்தில் உண்டு. ஒன்று, ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்பு. தையல் பலம், கழுத்துப் பட்டியை வெட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். இரண்டாவது, துண்டுத் துணி. மீற்றர் கணக்கில் வாங்காமல் மிஞ்சிய துண்டாக வாங்கி ஊரில் தைப்பித்தால் சின்னப் பிள்ளைகளின் சட்டை பாதி விலையில் முடியும். மூன்றாவது, தீபாவளி முடிந்த அடுத்த கிழமை. பொங்கலுக்கு இப்போதே யோசிக்கலாம் என்றால் அப்போது வாருங்கள்.

வளரும் பிள்ளைக்கு ஒரு அளவு பெரிதாக எடுத்துக் கீழ் மடிப்பைத் தைத்து வையுங்கள். வெள்ளைப் பள்ளிச் சீருடைத் துணியை யாரும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம், அரசாங்கம் கொடுப்பதைப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

---

பொரிவிளாங்காய்
17 ஒக்டோபர், மாலை 6.00

எங்கள் வீட்டில் மூத்தவளின் பாவாடையைச் சின்னவளுக்கு வெட்டித் தைக்கிறேன். பெரியம்மாவின் கூறைப்புடவைக் கரை ஒன்று இருந்தது, அதைக் கீழே வைத்தால் புது உடுப்பு மாதிரித்தான். தையல் தெரிந்தவர்கள் ஒழுங்கையில் இருந்தால் கேளுங்கள். அவர்களுக்கும் இந்த நேரத்தில் நாலு காசு வரும், அதில் மட்டும் விலை பேசாதீர்கள்.

---

வடலி
18 ஒக்டோபர், இரவு 9.30

நேற்றிரவு பெற்றோல் 370க்கு இறங்கியிருக்கிறது, லொறிக் கூலியும் இறங்கினால் நல்லது.

செம்மண் அண்ணையின் தோட்டத்துக்குப் போய்வந்தோம். ஆறு வீட்டுக்கு மரக்கறி எடுத்தோம், சந்தை விலையை விடக் குறைவு, அவருக்கும் கழிவு வெட்டுப்படவில்லை. பருப்பும் சீனியும் ஒழுங்கையில் சேர்ந்து எடுக்கப் போகிறோம். கூலிக்குப் போகும் இரண்டு குடும்பத்தையும் கேட்டேன். மாதத்துக்கு ஒரு முறை அவர்களால் முடியாது, கிழமைக் கூலி வரும் சனிக்கிழமை என்றால் முடியும் என்றார்கள். அதனால் எல்லோருக்கும் சனிக்கிழமை என்று மாற்றிவிட்டோம். எங்களுக்கு எந்த நாளும் ஒன்றுதான், அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான்.

உடுப்புக்குத் துண்டுத் துணி எடுத்து முன்வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். பருப்பு கூட வாங்கினால் வண்டு வைக்கிறது என்றார்கள். மழைக்காலமும் தொடங்குகிறது. என்ன செய்கிறீர்கள்?

---

கடை முதலாளி
18 ஒக்டோபர், இரவு 10.00

வாங்கின அன்றைக்கே நல்ல வெயிலில் பாய் விரித்துப் போட்டு, சூடு ஆறின பிறகு தகர டின்னில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்க்கும், அதில்தான் பூஞ்சணம் வரும். நாலைந்து காய்ந்த செத்தல் மிளகாயும் கொஞ்சம் வேப்பிலையும் உள்ளே போடுங்கள். டின்னை நிலத்தில் வைக்காமல் பலகையில் வையுங்கள். வெயில் இல்லாத கிழமையென்றால் வாங்குவதையே ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள்.

---

மலைக்காற்று
18 ஒக்டோபர், இரவு 10.20

இங்கே வெயிலே இல்லை அண்ணா, ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. கோதுமை மாவுக்கு என்ன செய்வது? அது வெயிலில் போடுகிற சாமானும் இல்லையே.

---

கடை முதலாளி
18 ஒக்டோபர், இரவு 10.35

மாவைச் சேர்த்து வைக்க வேண்டாம் தம்பி. எட்டு வீட்டுக்குப் பத்து நாளுக்குப் போதுமானதை மட்டும் எடுங்கள். எடுக்கும்போது மூடையின் தையலுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், கட்டி பிடித்திருந்தால் அந்த மூடை வேண்டாம் என்று சொல்லுங்கள். கைக்காசு கொடுக்கிறீர்கள், வேறு மூடை கேட்கலாம்.